பெரோவ்ஸ்கைட் நானோபடிகங்கள்: நிலைத்தன்மையின் வரலாறு

பெரோவ்ஸ்கைட் நானோபடிகங்கள் தூய நிறத்தில் ஒளிரும் மிகச்சிறிய குறைகடத்தித் துகள்கள் ஆகும். உரால் மலையில் கிடைத்த ஒரு கனிமத்துக்கு 1839இல் குஸ்தாவ் ரோஸ் இட்ட பெயர், பிறகு அதே படிக அமைப்புள்ள எல்லாச் சேர்மங்களுக்கும் பரவியது. ஒளியுமிழ் இருமுனையங்களில் (எல்.இ.டி.) பயன்படும் வகையில் அந்தக் கனிமத்தின் கால்சியமோ டைட்டானியமோ இல்லை. சீசியம், ஈயம் ஆகியவற்றுடன் குளோரின், புரோமின் அல்லது அயோடின் சேர்ந்தது அது.

2015இல் சூரிக்கில் மக்சிம் கோவலென்கோ குழுவினர் இத்துகள்களை உருவாக்கினர். அதே ஆண்டில் புனே ஐசர் நிறுவனத்தில் அங்சுமன் நாக் குழுவினரும் சீசியம் ஈய புரோமைடு துகள்களின் ஒளிர்வை ஆராய்ந்து வெளியிட்டனர். ஒளி சிறப்பாக இருந்தது, ஆயுள்தான் இல்லை. இவை உப்பைப் போன்ற அயனிப் படிகங்கள் என்பதால் ஈரம் பட்டால் சிதையும். சிவப்பு ஒளி தரும் அயோடைடு இன்னும் மோசம்: அதன் பயனுள்ள கரிய வடிவம் உயர் வெப்பநிலையில் மட்டுமே நிலைக்கும், அறை வெப்பநிலையில் பயனற்ற மஞ்சள் வடிவமாக மாறிவிடும்.

துகள்களைக் காப்பது அவற்றைச் சுற்றியுள்ள ஒலியிக் அமிலம், ஒலியைலமீன் ஆகியவற்றின் உறை. ஆனால் அதே உறை மின்னோட்டத்தைத் தடுக்கிறது. ஆரணி போன்ற பட்டு நெசவு ஊர்க்காரர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. சாயம் போடும் முன் கச்சாப் பட்டைச் சோப்பு நீரில் வேகவைத்துப் பசையை எடுக்க வேண்டும். பசை தங்கினால் சாயம் சரியாக ஏறாது. அளவுக்கு மீறி வெந்தால் இழை நைந்துவிடும். நானோபடிகத்திலும் கேள்வி இதுவே: எதைக் கொண்டு, எவ்வளவு கழுவுவது?

விடைகளில் முக்கியமானது 2016இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. நாக் குழுவில் பயின்ற அபிஷேக் சுவர்ண்கர், அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தினருடன் சேர்ந்து, மெத்தில் அசிட்டேட்டால் அயோடைடு துகள்களைக் கழுவினார். மிகுதியான உறைப்பொருள் மட்டும் நீங்கியது, துகள்கள் திரளவில்லை. அப்படலம் திறந்த காற்றில் மாதக்கணக்கில் கரிய வடிவிலேயே நின்றது. சூரிய மின்கலத்துக்காகச் செய்த ஆய்வுதான். ஆனால் அதே சாதனங்கள் குறைந்த மின்னழுத்தத்தில் ஒளியும் உமிழ்ந்தன.

2018இல் ஜப்பானின் யமகதா பல்கலைக்கழகத்தினர் அயோடைடு உப்புகளால் புரோமைடு துகள்களை மாற்றியமைத்து, 21.3 விழுக்காடு குவாண்டம் திறனுள்ள சிவப்பு விளக்கைச் செய்தனர். அதன் ஒளியோ விரைவிலேயே பாதியாகிவிட்டது.