ஓட்டோகிராப் பக்கங்களில் நம் வரலாறு

நமது பாடசாலையின் நூறாண்டு வரலாற்றை எழுத வரவுப் பதிவேடுகள் மட்டும் போதாது. பழைய மாணவிகளின் பெட்டிகளில் கிடக்கும் ஓட்டோகிராப் கொப்பிகளையும் புரட்ட வேண்டும்.

1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்குப் போக வேண்டும், 3,00,000 பேர் இலங்கைப் பிரஜைகளாக வேண்டும் என்று கணக்குப் போட்டது. அதன்பின் மலையகத் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேறினார்கள். நோட்டன் பிரிட்ஜிலும் வகுப்பில் இடங்கள் வெறுமையாயின.

புறப்படும் தோழி தனக்குப் பிடித்த குறளையோ பழமொழியையோ நம் கொப்பியில் எழுதித் தருவாள். பென்சிலால் கோடிட்டு, முதல் எழுத்தைப் பெரிதாக்கி, மை தொட்டு நிதானமாக எழுதி, ஓரத்தில் ஒரு தேயிலைக் கொழுந்தும் வரைவாள்.

‘லை’, ‘னை’ போன்ற எழுத்துகளை அன்று தும்பிக்கை வைத்தே எழுதினோம். பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் கையாண்ட சீர்திருத்த எழுத்தைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றுக்கொண்டது. பல வருடங்களுக்குப் பின் என் தோழி சொல்லச் சொல்ல அவள் மகள் எழுதிய கடிதம் வந்தது. அதில் தும்பிக்கை இல்லை. அவர்கள் அந்த ஊர்க்காரர்களாகிவிட்டதை அந்த எழுத்திலேதான் கண்டேன்.

கொப்பி வைத்திருக்கும் சகோதரிகளே, அந்தப் பக்கங்களைப் படமெடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். பதிவேட்டில் ‘விலகினார்’ என்ற ஒரே சொல்லோடு முடிந்துபோன பிள்ளைகள், அங்கேதான் தம் சொந்தக் கையெழுத்தில் இருக்கிறார்கள்.