ஏரியைக் காத்த நம்பிக்கை

மாணவ நண்பர்களே, ஏரிக்குக் கரை வேண்டும், மதகு வேண்டும், கலிங்கு வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்பாக, ஊரார் ஒருவர்மேல் ஒருவர் நம்பிக்கை கொண்டிருத்தல் வேண்டும் என்பது என் கருத்து. நான் தூர் வாரினால் அடுத்த வயற்காரரும் வருவார், நான் அளித்த பொருள் ஏரிக்கே செலவாகும் என்ற உறுதி இல்லாத ஊரில் எவர் மண்வெட்டியை எடுப்பார்?

அந்த உறுதி தானே முளைப்பதன்று, வளர்க்கப்படுவது. எவ்வாறு வளர்க்கப்பட்டது என்பதைக் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் காணலாம். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் எழுந்த சபைத் தீர்மானங்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

குடவோலை முறையில் 30 பேரைத் தெரிந்தெடுத்தனர். அவருள் அறுவர் ஏரி வாரியத்தார். சபையோர் காணக் குடத்திலிட்ட ஓலைகளை, ஏதும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். அவ்வோலையை ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்க வேண்டும் என்பது விதி. பதவிக் காலம் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும், அவருடைய உறவினர்க்கும் குடத்தில் இடமில்லை.

இவ்வளவு கட்டுப்பாடும் ஐயத்தின் அடையாளம் அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். ஐயத்திற்கு இடம் வையாத முறையே நம்பிக்கைக்கு வித்து என்பேன் நான். ஆயினும் அச்சபை குறையற்றதன்று. அது நிலமுடைய அந்தணர் சபை. வயலில் உழைத்த நிலமற்றோர்க்கும் மகளிர்க்கும் அங்கே குரலில்லை. அந்நாளைய நம்பிக்கையின் எல்லை அவ்வளவே.

ஊரார் கூடிக் கால்வாய் வெட்டிக் கரை திருத்தும் வழக்கத்தைக் குடிமராமத்து என்பர். ஆங்கிலேயர் ஆட்சியில் அவ்வழக்கம் தளர்ந்தது. 1858ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் பிறந்தது. மனம் ஒப்பிச் செய்துவந்த பணியைச் சட்டத்தால் வாங்க முற்பட்டனர். தளர்ந்த வழக்கம் சட்டத்தால் நிமிரவில்லை. 2017ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு நீர்நிலைகளைச் சீர்திருத்த அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. பெயர் மீண்டுவிட்டது. அதன் பின்னிருந்த உறவை மீட்பது ஊரார் கையில் இருக்கிறது.

உங்கள் ஊரில் கிராம சபை கூடும் நாளில் நீங்களும் சென்று அமருங்கள். ஏரிக்கு ஆன செலவின் கணக்கைப் படிக்கக் கேளுங்கள். கணக்கு உரக்கப் படிக்கப்படும் ஊரில் மண்வெட்டிகள் தாமே வெளிவரும்.