18 நிமிடம் அசையாமல் நிற்கிற ஆள்

பாரிஸில் ஒரு மாமாவோ மச்சானோ இல்லாத வீடு எங்கட பக்கத்தில் குறைவு. அவர்கள் அனுப்புகிற படங்களில் லாச்சப்பல் கடைத்தெரு இருக்கும், ஐபிள் கோபுரம் இருக்கும். என் மச்சான் ஒருநாள் அனுப்பியது ஒரு கான் வீடியோ. விடியக்காலை, நடைபாதை ஓரத்தால் தண்ணி ஓடுது. சிகரெட் கட்டை, காய்ந்த இலை எல்லாத்தையும் இழுத்துக்கொண்டு போய் ஒரு ஓட்டைக்குள் விழுகுது. "பைப் உடைஞ்சிட்டுது எண்டு நினைச்சன். இல்லையாம், தெருக் கழுவுறாங்களாம்" என்றான்.

அந்த ஓட்டைக்குக் கீழே என்ன இருக்கு என்று தேடப்போய் நான் மாட்டிக்கொண்ட ஆள்தான் நதார்.

முதலில் ஓட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாரிஸுக்கு அடியில் 2,400 கிலோமீற்றருக்கும் மேலாக நிலக்கீழ் கால்வாய்கள் ஓடுகின்றன. மேலே உள்ள தெருவின் பெயரே கீழேயும் பலகையில் எழுதியிருக்கும். எங்கட ஆக்கள் கடை போட்டிருக்கிற தெருக்களுக்கும் கீழே அதே பெயரில் ஒரு இருட்டுத் தெரு இருக்கு.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது ஒரு பயங்கரமான இடம். நெப்போலியன் காலத்தில், 1805 தொடக்கம், புருன்சோ என்ற அதிகாரி உள்ளே இறங்கி அளந்து வரைபடம் போடும்வரை, எந்தக் கால்வாய் எங்கே போகுது என்பதற்கு ஒழுங்கான கணக்கு இருக்கவில்லை. 1832இல் கொலரா வந்து அந்த ஒரு நகரத்தில் மட்டும் 18,000 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதே 1832இல்தான் விக்டர் ஹியூகோவின் 'லே மிசராப்ள்' நாவலில் ஜான் வல்ஜான் காயம்பட்ட மரியுஸைத் தோளில் சுமந்துகொண்டு கானுக்குள்ளால் போவான். (எங்கட அம்மம்மாக்கள் பார்த்த 'ஏழை படும் பாடு' படம் இந்தக் கதைதான்.) நாவல் வெளிவந்தது 1862இல். அதற்குள் ஒஸ்மான் என்ற நகர நிர்வாகியும் பெல்கிராண்ட் என்ற பொறியியலாளரும் பழைய நகரத்தை மேலேயும் கீழேயும் கிண்டிப் புதுசாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஹியூகோ எழுதிய கான் அப்போதே பழங்கதை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் புதுக் கால்வாய்களில் அப்போது ஓடியது பெரும்பாலும் மழைத்தண்ணியும் தெருக் கழுவின தண்ணியும்தான். மலம் வீட்டுக் குழிகளில் சேர்ந்து, இரவில் வண்டியில் போனது. எல்லா வீட்டுக் கழிவையும் கால்வாயில் இணைக்கச் சொல்லும் சட்டம் 1894இல்தான் வந்தது. சேர்ந்த தண்ணியை நகரத்துக்கு வெளியே, அஸ்னியேர் பக்கம், சேன் ஆற்றில் விட்டார்கள். பாரிஸ் சுத்தமாச்சு, கீழே இருந்த ஊர்களின் ஆறு நாறிச்சு.

இனி நதார். சொந்தப் பெயர் காஸ்பார் பெலிக்ஸ் தூர்னஷோன். கேலிச்சித்திரக்காரர், பிறகு புகழ்பெற்ற படப்பிடிப்பாளர். 1858இல் பலூனில் ஏறி வானத்திலிருந்து படம் எடுத்தார். அடுத்ததாக நிலத்துக்குக் கீழே பார்வை போச்சு. 1861இல் செயற்கை வெளிச்சத்தில் படம் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். முதலில் எலும்புகள் அடுக்கிய கற்றகோம் சுரங்கங்கள், பிறகு 1864, 65 வாக்கில் இந்தக் கால்வாய்கள்.

இன்றைக்கு நாங்கள் போனை நீட்டினால் படம். அவருக்கோ வெளிச்சத்தையே கொண்டுபோக வேண்டியிருந்தது. மின்குமிழ் வீட்டுக்கு வராத காலம். இரண்டு கரித்துண்டுகளுக்கு இடையில் மின்சாரம் பாய்ந்து எரிகிற வில்விளக்கு. அதற்கு வரிசையாய் புன்சன் பற்றரிகள். உள்ளே நைத்திரிக் அமிலம், மூச்சை அடைக்கிற புகை. முடிந்த இடங்களில் பற்றரியைத் தெருவிலேயே வைத்து, ஓட்டைகளுக்குள்ளால் வயரை இறக்கினார்கள். கமராவுக்குள் போவது கண்ணாடித் தட்டு. அதில் மருந்து பூசி, ஈரம் காயமுதல் படம் எடுத்து, கழுவியும் முடிக்க வேண்டும். அதையும் அந்த இருட்டுக்குள்ளேயே.

சில படங்களுக்கு 18 நிமிடம் வரை தட்டைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. 17 நிமிடம் எல்லாம் சரியாக இருக்கும். கடைசியில் தண்ணியிலிருந்து ஆவி எழும்பி படத்தை மறைத்துவிடும். மேலே ஆரோ ஒரு சீமாட்டி குளித்த சுடுதண்ணியைத் திறந்துவிட்டிருப்பாள். நாங்கள் கீழே நிற்பது அவளுக்கு எங்கே தெரியும் என்று திட்டித் தீர்த்ததை நதார் வயதான பிறகு தன் நினைவுக் குறிப்பில் சிரிப்பாக எழுதியிருக்கிறார். எனக்கு அவரைப் பிடித்துப்போனதே அந்த இடத்தில்தான்.

ஆனால் என்னை உறுத்துவது வேறு. சுரங்கம் எவ்வளவு பெரிசு என்று காட்ட ஒரு மனிசன் படத்தில் நிற்க வேண்டும். 18 நிமிடம் அசையாமல் ஆர் நிற்பார்? எனவே நதார் பொம்மைகளைக் கொண்டுபோனார். தொழிலாளி உடுப்புப் போட்ட பொம்மைகள். கற்றகோம் படமொன்றில் எலும்பு வண்டியை இழுக்கிற 'தொழிலாளி' உண்மையில் ஒரு பொம்மை.

இன்றைக்கும் கான்களுக்குள் இறங்கிப் படம் எடுக்கிற பெடியள் இருக்கிறார்கள். மெல்பேர்னில் 1986இல் தொடங்கிய கேவ் கிளான் குழு பேர்போனது. (மழை வாறமாதிரி இருந்தால் உள்ளே இறங்கக்கூடாது என்பது அவர்களின் முதல் சட்டம்.) இந்த மாதிரிப் படங்களிலும் சுரங்க நடுவில் ஒரு கறுப்பு உருவம், பின்னால் ரோர்ச் வெளிச்சம். அது பெரும்பாலும் படம் எடுக்கிறவரோ கூட்டாளியோதான். பொம்மையின் இடத்தில் இப்போது நாங்களே நிற்கிறோம். கான் துப்புரவாக்குகிற ஆள் இப்போதும் படத்தில் இல்லை.

நதார் மூன்றாம் நெப்போலியன் ஆட்சியைப் பிடிக்காத குடியரசுவாதி. என்றாலும் வளைவுகள் மினுங்க, ஆளரவமில்லாமல் அவர் எடுத்த அந்தப் படங்களைப் பார்த்தால், அந்த ஆட்சியின் பெருமையை அவரே படம் பிடித்துக் கொடுத்தமாதிரித்தான் எனக்குப் படுகுது. வேலை என்பது அசைவு. அசைந்தது எதையும் அந்தத் தட்டு பிடிக்கவில்லை.

1867 உலகக் கண்காட்சியோடு கால்வாய்களைச் சுற்றிக்காட்டத் தொடங்கினார்கள். சீமாட்டிகள் குடையும் நீளப் பாவாடையுமாய் வண்டியிலும் படகிலும் ஏறியிருந்து பார்த்துவிட்டு, நாற்றமே இல்லை என்று வியந்தார்கள். வண்டியைத் தள்ளினவர்கள் கான் தொழிலாளிகள்.