கறள் பூசின குட்டி வீடுகள்

புதுசா ஒரு வீட்டைக் கட்டி முடிச்சு, அடுத்த நாளே அதுக்குக் கறள் பூசி, சுவரில பாசி பிடிக்கப்பண்ணி, ஒரு யன்னல் கண்ணாடியையும் உடைச்சுவிடுற ஆக்களைக் கேள்விப்பட்டிருக்கிறீங்களா? உலகம் முழுக்க இருக்கினம். மாதிரி ரயில் பாதை செய்கிறவர்கள்தான் அவர்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் ஸ்ரேசன், எஞ்சின் கொட்டில், தேத்தண்ணிக்கடை என்று ஒவ்வொன்றாகக் கட்டுவார்கள். கட்டி முடிந்தால் பாதி வேலைதான் முடிந்தது. மற்றப் பாதி, கட்டினதைப் பழசாக்குவது. ‘வெதரிங்’ என்பது அதற்குப் பெயர். வெயிலும் மழையும் முப்பது வருசத்தில் செய்கிறதைத் தூரிகையால் ஒரு பின்னேரத்தில் செய்து முடிக்கிறது.

முதல்ல எனக்கும் இது விசர் வேலை மாதிரித்தான் பட்டது. ஆனால் இந்தப் பழக்கத்தின் வரலாற்றைத் தேடிப்போனால், அது பொம்மைகளின் கதையாக மட்டும் இல்லை. எதை ஞாபகம் வைத்திருப்பது, யார் வைத்திருப்பது என்ற கேள்வியும் அதுக்குள்ள கிடக்கு.

ஆரம்பத்தில் ரயில் பொம்மைகள் பளபளவென்றுதான் இருந்தன. 1891 இல் ஜேர்மனியின் மார்க்லின் நிறுவனம், சாவி கொடுத்து ஓட்டும் தகர ரயில்களைத் தண்டவாளங்களோடு லைப்சிக் சந்தையில் வைத்தது. அந்தக் காலத்துப் பொம்மை ஸ்ரேசன்களும் தகரம்தான். சிவப்புக் கூரை, மஞ்சள் சுவர், எங்கேயும் ஒரு ஊத்தை இல்லை. பிள்ளைகளுக்கு அது போதும். பிறகு பெரிய ஆக்களும் இதைப் பொழுதுபோக்காக எடுக்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் ‘மொடல் ரெயில்ரோடர்’ சஞ்சிகை 1934 இல் தொடங்கியது. அவர்களுக்கு வேண்டியது பொம்மை இல்லை, மாதிரி. அதாவது எல்லாமே ஒரே விகிதத்தில் சிறுக்க வேண்டும்.

இங்கிலாந்தில் பரவலான அளவு, ஓர் அடிக்கு 4 மில்லிமீற்றர். உண்மையானதில் ஏறத்தாழ 76 இல் ஒரு பங்கு. ஆறடி மனிதன் 24 மில்லிமீற்றர் ஆவான். ஒன்பது அங்குலச் செங்கல் 3 மில்லிமீற்றர் நீளம். இப்ப ஒரு வீட்டுச் சுவரில எத்தனை கல்லு எண்டு நீங்களே கணக்குப் பாருங்கோ.

விகிதம் சரியாக வந்த பிறகும் ஏதோ இடித்தது. அளவு சரி, ஆனால் உயிர் இல்லை. அதை உடைத்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் ஜோன் அலன். 1913 இல் பிறந்தவர். கலிபோர்னியாவின் மொன்ரரே நகரில் வாழ்ந்த படப்பிடிப்பாளர். தன் வீட்டின் நிலக்கீழ் அறையில், மலையும் பள்ளத்தாக்குமாக ஒரு முழு ரயில் உலகத்தையே கட்டினார். அதன் பெயர் எழுத்தில் ‘கோர் அன்ட் டஃபெற்றிட்’. வாயால் சொன்னால் ஆங்கிலத்தில் ‘இரத்தக்களரியாகித் தோற்றது’ என்று கேட்கும். எஞ்சினுக்குப் பதிலாகப் பெட்டிகளை இழுக்க ஒரு டைனோசரையும் விட்டிருந்த ஆள், வேற என்ன பெயர் வைப்பார்?

ஆனால் பகிடிக்குப் பின்னால் கூர்மையான கண் இருந்தது. கமராவுக்கு முன்னால் புதுப் பெயின்ற் காட்டிக்கொடுத்துவிடும் என்று படம் பிடிக்கிறவனுக்குத் தெரியும். வெளிச்சம் பட்டதும் அது பொம்மையாக மினுங்கும். அதனால் அவருடைய கட்டடங்கள் மங்கின, கறுத்தன, கொஞ்சம் சரிந்தும் நின்றன. அவர் எடுத்த படங்கள் சஞ்சிகைகளில் வர வர, மற்றவர்களும் தங்கள் பளபள ஸ்ரேசன்களைச் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினார்கள்.

செய்முறை பெரிய இரகசியம் இல்லை. கறுப்பு மையை ஸ்பிரிற்றில் நன்றாக ஐதாக்கி மரச்சட்டங்களில் பூசினால், பலகை வெயிலில் வெளிறின சாம்பல் நிறத்துக்கு வரும். மை போய் வெடிப்புகளுக்குள் தங்கும். தூரிகையில் பெயின்றைத் தொட்டு, கடதாசியில் துடைத்து, கிட்டத்தட்டக் காய்ந்த தூரிகையால் மெல்லமாக இழுத்தால் மேடான விளிம்புகள் மட்டும் வெளிறும். நிறச் சொக்கைத் தூளாக்கித் தடவினால் புழுதியும் கறளும் வரும்.

கஷ்டம் கையில் இல்லை, கண்ணில். ஊத்தையைக் கண்டபடி பூசினால் அது வெறும் ஊத்தைதான். உண்மையான வீட்டில் ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருக்கு. யன்னல் கட்டின் இரண்டு மூலையாலும் மழைத்தண்ணி வழியும், கோடு அங்கேதான் விழும். கூரைத் தகரத்தில் கறள் ஆணி அடித்த துளைகளிலும் விளிம்புகளிலும் தொடங்கும். நிலத்தில் விழுந்து தெறிக்கிற மழை, சுவரின் அடியை மண் நிறமாக்கும். எஞ்சின் கொட்டிலில் புகைபோக்கிக்கு மேலே கரி படியும். ஆக, ஒரு சின்னக் கொட்டிலைப் பழசாக்க வெளிக்கிட்டவர், தண்ணி எந்தப் பக்கத்தால் வரும், ஆக்கள் எந்தக் கதவால் போவினம் என்று யோசிக்க வேண்டும். சுவரை ஓர் ஆவணம் போல வாசிக்கப் பழக வேண்டும்.

அப்படி வாசித்த இன்னொருவர் ரோய் இங்லன்ட். அவுஸ்திரேலியாவில் இருந்து 1925 இல் இங்கிலாந்துக்கு வந்த இளைஞர். ரயிலைப் பார்க்கத்தான் ஆசை. ஆனால் ‘வேல் ஒஃப் வைற் ஹோர்ஸ்’ பள்ளத்தாக்கின் கிராமங்களைக் கண்டதும் மனசு அங்கேயே நின்றுவிட்டது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வைக்கோல் கூரைகள் கழற்றப்பட்டன, பழைய குடிசைகள் இடிபட்டன. அவரால் அதைத் தடுக்க ஏலாது. அளக்க ஏலும். சுவர்களை அளந்தார், நிறங்களைக் குறித்தார், மட்டையில் வெட்டி, நீர்வண்ணத்தில் கல்லுக் கல்லாகத் தீட்டினார். 1954 இல் லோங் விற்றனம் என்ற கிராமத்தில் அவர் தொடக்கியதுதான் பெண்டன் அருங்காட்சியகம். 1920, 30 களின் அந்தப் பள்ளத்தாக்கைத் தொண்டர்கள் இன்றுவரை வீடு வீடாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 1995 இல் அவர் இறந்தார், வேலை நிற்கவில்லை.

அலனின் உலகத்துக்கு வேறு முடிவு. 1973 ஜனவரியில் மாரடைப்பால் இறந்தார், வயது 59. பத்து நாள் கழித்து வீட்டில் தீப்பிடித்தது. பல வருச உழைப்பு பெரும்பாலும் சாம்பல். அவர் எடுத்த படங்கள்தான் மிச்சம். ஒருவர் கற்பனை ஊரைக் கட்டினார், மற்றவர் உண்மை ஊரை. கற்பனை ஊர் ஒரே மனிதனோடு போனது. உண்மை ஊர் கனபேருடைய கைகளுக்கு மாறினதால் தப்பியது என்று எனக்குப் படுகிறது.

இதில் எனக்கு ஒரு நெருடலும் இருக்கு. சின்னதாக்கினால் வறுமையும் வடிவாகத்தான் தெரியும். ஒழுகுகிற வைக்கோல் கூரைக்குக் கீழே குளிரில் படுத்தவருக்குப் புதுக் கூரை நிம்மதி. பார்க்க வந்தவருக்குத்தான் அது இழப்பு. அமெரிக்காவில் ஜோர்ஜ் செலியோஸ் 1930 களின் பொருளாதார நெருக்கடிக் கால நகரம் ஒன்றை அற்புதமாகக் கட்டியிருக்கிறார். உரிந்த சுவர்கள், மங்கின விளம்பரங்கள். பார்க்கப் பார்க்க ஆசை வரும். ஆனால் அந்தச் சுவர்களுக்குள்ள பசியோட இருந்த ஆக்களைத் தூரிகையால பூச ஏலாது. கறளை இரசிக்கிறபோது இதையும் சேர்த்து நினைக்கத்தான் வேணும்.

எங்களுக்கு இன்னொன்றும் தெரியும். 1990 இல் கோச்சி நின்ற யாழ்ப்பாணத்துக்கு அது திரும்ப வந்தது 2014 ஒக்ரோபரில். இடையில் கூரை இல்லாமல் நின்ற ஸ்ரேசனைக் கண்ட கண்ணுக்கு, மழை செய்த பழசும் ஷெல் செய்த பழசும் ஒன்றில்லை என்று விளங்கும். முதலாவது சுவரில் காலம் எழுதினது. இரண்டாவது, எழுதினதைக் கிழித்தது. கிழிஞ்ச இடத்தில் புதுக் கட்டடம் வரலாம், வரவும் வேணும். ஆனால் முந்தி அங்கே எந்த யன்னல் எந்தப் பக்கம் பார்த்தது எண்டு ஆர் சொல்லுறது?

ரோய் இங்லன்டிடம் இருந்தது அளவு நாடா, பென்சில், பொறுமை. உங்கட அம்மம்மா வீட்டு முன்சுவரில் பாசி எங்கே தொடங்குது எண்டு அடுத்த முறை போகேக்க ஒருக்கால் பாருங்கோ. ஏலுமெண்டால் அளந்து, ஒரு கொப்பியில எழுதியும் வையுங்கோ.