மாணவர் பக்கமும் தோட்டத்து இளையோரும்

பெண்ணின் பருவங்களைப் பேதை, பெதும்பை, மங்கை என ஏழாகப் பகுத்தனர் நம் முன்னோர். உலா பாடிய புலவர்கள் அவ்வப் பருவத்தார் எவ்வாறு நின்றனர், எவ்வாறு மயங்கினர் என்று விரித்துரைத்தனர். ஆயின், பெதும்பையும் மங்கையும் தம் வீட்டைப் பற்றியும் தோழியரைப் பற்றியும் என்ன எண்ணினர் என்று அவர்களே எழுதிவைத்த ஏடு நமக்குக் கிட்டவில்லை. ஆண்பிள்ளைகளின் நிலையும் பெரிதும் வேறுபட்டதன்று. இளையோர் தம்மைத் தாமே எழுதிய வரலாறு தமிழில் மிக அண்மைக் காலத்தது. மலாயாவைப் பொறுத்தவரை அவ்வரலாறு பள்ளிக்கூடத்தைக் காட்டிலும் நாளேட்டையே மிகுதியும் சார்ந்து வளர்ந்தது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்குரிய காரணம் நம் கல்விமுறையிலேயே அடங்கியுள்ளது. பள்ளி செல்லும் அகவையில் பத்துப் பிள்ளைகளேனும் உள்ள தோட்டத்தில் பள்ளி அமைத்தல் வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. கொட்டகையிலும் பண்டகசாலையின் ஓரத்திலுமாகத் தோன்றிய அப்பள்ளிகள் 1957இல் நாடு விடுதலை பெற்றபோது 888ஆக இருந்தன. எனினும் அவையனைத்தும் தொடக்கப்பள்ளிகளே. பன்னிரண்டாம் அகவையோடு தமிழ்வழிக் கல்வி முடிந்துவிடும். இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பிள்ளை ஓராண்டு புகுமுக வகுப்பில் அமர்ந்து வேற்றுமொழி பழக வேண்டியிருந்தது. முன்னர் அது பெரும்பாலும் ஆங்கிலம். 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய்மொழிக்கு மாறியபின் மலாய். தமிழோ, பதினைந்து பெற்றோர் கேட்டால் கற்பிக்கப்படும் தாய்மொழிப் பாடமாயிற்று. ஆசிரியர் கிடைத்த இடங்களிலும் அது பெரும்பாலும் பள்ளி விட்டபின் பிற்பகலிலோ சனிக்கிழமையிலோ நடைபெற்றது. சிங்கப்பூரில் 1960இல் உயர்நிலை வகுப்புகளைத் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி ஒரு விதிவிலக்கு. அதுவும் 1982இல் மூடப்பட்டது.

தந்தையோடு மாறுபடத் தொடங்கும் அகவை, நட்பு உயிரினும் பெரிதாகத் தோன்றும் அகவை, நான் யார் என்று உள்ளம் வினவத் தொடங்கும் அகவை ஆகிய அனைத்தும் பதின்மூன்றுக்குப் பின்னரே வருகின்றன. சரியாக அவ்வேளையில்தான் வீட்டுமொழிக்கு வகுப்பறை இல்லாமற் போயிற்று. 1981இல் நானும் புகுமுக வகுப்பில் அமர்ந்தவன். தமிழ்க் கட்டுரைப் போட்டியில் பரிசு பெற்றிருந்த நான், ‘என் குடும்பம்’ என்று மலாயில் ஐந்து வரி எழுதத் திணறினேன். அவ்வைந்து வரியில் அப்பாவுக்கு ஒரு தொழில் இருந்தது, அம்மாவுக்கும் ஒரு தொழில் இருந்தது, வேறொன்றுமில்லை.

தமிழ்ப்பள்ளியில் மட்டும் உள்ளத்தைத் திறந்து எழுதினோமா என்றால் அதுவும் இல்லை. பசுவின் பயன்களையும் நேரத்தின் அருமையையும் எழுதினோம். தன்கதை என்ற பெயரில் ‘நான் ஒரு பேனா’, ‘நான் ஒரு மிதிவண்டி’ என்று எழுதினோம். பேனாவாகவும் மிதிவண்டியாகவும் பிறந்து, உழைத்து, தேய்ந்து, குப்பையில் விழுந்த நாங்கள், எங்கள் கதையை எழுதப் பணிக்கப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

அவ்விடத்தை நிரப்பியவை நாளேடுகளே. 1924இல் கோலாலம்பூரில் தமிழ் நேசனும் 1935இல் சிங்கப்பூரில் தமிழ் முரசும் தோன்றின. முரசின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி 1950களில் மாணவர் மணிமன்றம் என்னும் பகுதியை ஏற்படுத்தி, மாணவர் எழுத்துக்கெனத் தனி மலரே வெளியிட்டார். பின்னாளில் எழுத்தாளராகவும் ஆசிரியராகவும் விளங்கிய பலர் தம் பெயரை முதன்முதலில் அச்சிற் கண்டது அம்மலரிலேதான். அதன் வழியே ஊர்தோறும் மணிமன்றங்கள் எழுந்தன. 1965இல் சிங்கப்பூர் தனிநாடான பின்னும், இங்குள்ள நாளேடுகளின் ஞாயிறு பதிப்புகளில் மாணவர் பக்கம் தொடர்ந்தது.

அப்பக்கங்களில் வந்தவையெல்லாம் முத்துகள் என்று கூறேன். விடுகதைகளும் பொன்மொழிகளும் பிறர் நூலிலிருந்து பெயர்த்தெழுதிய கட்டுரைகளுமே மிகுதி. ஆயினும் இடையிடையே ஒரு கடிதம் தென்படும். 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதார்க்கு வேலை அனுமதி கட்டாயமாயிற்று. சிவப்பு அடையாள அட்டைக் குடும்பங்கள் பல கப்பலேறின. பெரியோர் அதனை அரசியலாகப் பேசினர். பிள்ளைகள் ‘என் பக்கத்து இருக்கை காலியாயிற்று’ என்று எழுதினர். 1963இன் இறுதியில் நாட்டிற்கு வந்த தொலைக்காட்சி பின்னர்த் தோட்டத்து லயங்களையும் எட்டியபோது, பாடமா படமா என்று வீட்டில் எழுந்த பூசலும் அங்கே பதிவாயிற்று. 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் திறக்கப்பட்டது முதல் தொழிற்சாலைப் பேருந்து இளம்பெண்களைத் தோட்டத்திலிருந்து ஏற்றிச் செல்லத் தொடங்கிற்று. சம்பளம் கொண்டுவரும் மகளுக்கும் பால்மரம் வெட்டும் தந்தைக்கும் இடையே வீட்டில் நிகழ்ந்த மாற்றத்தை அவ்விளையோர் எழுத்தைப் போல் அருகிருந்து காட்டும் ஆவணம் பிறிதொன்றை நான் கண்டதில்லை.

என் அக்காவும் அவ்வாறு எழுதியவரே. 1974இல் படிவம் இரண்டில் பயின்றபோது நாளேடு ஒன்றின் மாணவர் பக்கத்திற்குத் தம் கட்டுரை ஏட்டில் நான்கு பக்கம் எழுதிப்பார்த்து, படியெடுத்து அனுப்பினார். அவருடைய தோழியின் குடும்பம் பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்திற்குக் கப்பலேறியிருந்தது. மூன்று வாரங்களுக்குப் பின் பதினொரு வரி அச்சில் வந்தது. அப்பா பட்டணத்திற்குச் சென்று மூன்று படி வாங்கிவந்தார். ஒன்றைத் தகரப்பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டிவைத்து, வருவோர் போவோர்க்கெல்லாம் திறந்து காட்டினார். மறு ஆண்டு, படிவம் மூன்றோடு அக்காவின் படிப்பு நின்றது. அவர் பால்மரம் வெட்டச் சென்றார், பின்னர்த் தொழிற்சாலைக்கு.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்றது 1990களின் தொடக்கத்தில். கட்டுரை திருத்தும் முறையை எங்களுக்குச் செம்மையாகவே கற்பித்தனர். எழுத்துப்பிழைக்கு ஒரு குறி, ஒற்றுப்பிழைக்கு ஒரு குறி, வாக்கியப்பிழைக்கு ஒரு குறி. பணியேற்ற சில ஆண்டுகளில், குடித்துவிட்டு வரும் தந்தைக்கு அஞ்சித் தங்கையோடு ஆயக்கொட்டகையில் உறங்கியதாக ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுதினான். ஏழு ஒற்றுப்பிழைகளைச் சுழித்து, ‘கையெழுத்தைத் திருத்துக’ என்று அடியில் எழுதினேன். அவனை அழைத்து ஒரு சொல்லும் கேட்கவில்லை.

அக்கா தம் ஏட்டை என்னிடம் கொடுத்திருந்தார், என் மாணவர்க்குக் காட்டும்படி. பள்ளி அலமாரியில் மாணவர் ஏடுகளோடு அதனையும் வைத்திருந்தேன். தோட்டம் விற்கப்பட்டு, பள்ளி பட்டணத்தின் ஓரத்திற்கு இடம்பெயர்ந்தபோது, பொருள்களை ஒழிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஏறத்தாழப் பத்து ஆண்டுக் கட்டுரை ஏடுகளைக் கட்டுக்கட்டாகப் பழைய தாள் வாங்குவோனிடம் எடைக்குப் போட்டேன். அக்காவின் ஏடும் அவற்றோடு போயிற்று என்பதை இரண்டு மாதம் கழித்தே உணர்ந்தேன். ஒரு தோட்டத்தின் பத்தாண்டு வாழ்க்கையை அதன் பிள்ளைகளே எழுதியிருந்தனர். கிராணி எழுதிய பெரட்டுப் பதிவேடு எவரிடமேனும் இருக்கக்கூடும், இது இல்லை.

தமிழ் நேசனும் 2019ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் நின்றுபோயிற்று. அச்செய்தி வந்த ஆண்டில்தான் அக்காவின் பதினொரு வரியைத் தேட வேண்டும் என்ற எண்ணம் எனக்குத் தோன்றியது. தலைநகரின் நூலகம் ஒன்றில் பழைய நாளேடுகளை இரண்டு நாள் புரட்டினேன். மூன்றாம் நாள் பிற்பகலில் கிடைத்தது. படியெடுத்துச் சென்று அக்காவிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் படித்தார்.

“இதுல பாதிதான் இருக்கு தம்பி. என்னையும் படிப்ப நிறுத்திடுவாரோன்னு அப்பாவப் பத்தி ரெண்டு பக்கம் எழுதியிருந்தேன். அத எடுத்துட்டாங்க” என்றார்.

அப்பாவிடம் அதனைச் சொன்னீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார். பெட்டி மூடியில் அதனை ஒட்டுவதற்குப் பசை காய்ச்சியது தாம்தான் என்றார்.