மருந்துப் பெயர்களின் கதை – 9: பால் கேனில் வந்த ரத்தம்

1933 பிப்ரவரி. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கடும் பனிப்புயல். டீர் பார்க் பகுதி விவசாயி எட் கார்ல்சன் சுமார் 300 கிலோமீட்டர் லாரி ஓட்டித் தலைநகர் மேடிசனுக்கு வந்து சேர்ந்தார். வண்டியில் செத்துப்போன ஒரு கிடாரி, சுமார் 45 கிலோ பூசணம் பிடித்த தீவனம், ஒரு பால் கேனில் உறையாத ரத்தம். கால்நடை அதிகாரியின் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க்கின் ஆய்வகம் திறந்திருந்தது. அங்கே போனார்.

சின்னக் காயம் பட்டாலும் மாடுகள் ரத்தம் கொட்டிச் சாகும் இந்த நோய், வட அமெரிக்காவில் 1920-களிலேயே பரவியிருந்தது. 'ஸ்வீட் குளோவர்' தீவனம் கெட்டுப்போவதே காரணம் என்று கனடாவின் கால்நடை மருத்துவர் ஃபிராங்க் ஸ்கோஃபீல்ட் கண்டறிந்திருந்தார். "அந்தத் தீவனத்தை நிறுத்துங்கள்" என்பதற்கு மேல் லிங்க்கால் அன்று எதுவும் சொல்ல முடியவில்லை. பொருளாதாரப் பெருமந்தக் காலம் அது. வேறு தீவனத்துக்குக் கார்ல்சன் எங்கே போவார்? அந்தக் கையறு நிலை லிங்க்கை விடவில்லை.

ஆறு ஆண்டு உழைப்புக்குப் பிறகு, 1939-ல் அவருடைய குழு குற்றவாளியைப் படிகமாகப் பிரித்தெடுத்தது. ஸ்வீட் குளோவரின் இனிய மணத்துக்குக் காரணமான கூமரினைப் பூஞ்சை உருமாற்றியதால் பிறந்த டைகூமரால்தான் அது. வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்து, ரத்தத்தை உறையவிடாமல் செய்தது. அதைப் போன்ற சேர்மங்களை வரிசையாகச் செய்துபார்த்த லிங்க், 42-ஆம் எண் சேர்மத்தை எலி மருந்தாகத் தேர்ந்தெடுத்தார். 1948-ல் அது கடைக்கு வந்தது.

அதற்கு வைத்த பெயர்தான் வார்ஃபரின்.

முன்பாதி 'வார்ஃப்'. ஆய்வுக்குப் பணம் கொடுத்த 'விஸ்கான்சின் அலம்னை ரிசர்ச் ஃபவுண்டேஷன்' என்ற அறக்கட்டளையின் ஆங்கில முதலெழுத்துகள். கண்டுபிடிப்புகளின் காப்புரிமை வருமானம் மறுபடியும் ஆராய்ச்சிக்கே போகவேண்டும் என்று 1925-ல் தொடங்கப்பட்டது அது. பின்பாதியான 'அரின்', கூமரின் என்ற சொல்லின் வால். அந்தச் சொல்லின் வேர் தென் அமெரிக்கக் காட்டில் இருக்கிறது. மணம் மிகுந்த டோங்கா மரத்துக்குப் பூர்வகுடிகள் இட்ட பெயர் 'கூமரூ'. அது பிரெஞ்சு மொழி வழியாக வேதியியலுக்குள் நுழைந்தது.

1951-ல் எலி மருந்தைத் தின்ற அமெரிக்கப் படைவீரர் ஒருவர் வைட்டமின் கே சிகிச்சையில் பிழைத்துக்கொண்டார். மனிதருக்கும் இதைக் கொடுக்கலாம் என்ற துணிவை மருத்துவர்களுக்குத் தந்த நிகழ்ச்சிகளில் அதுவும் ஒன்று. 1954-ல் அனுமதி கிடைத்தது. மறு ஆண்டே, மாரடைப்பு வந்த அதிபர் ஐசனோவர் வார்ஃபரின் உட்கொண்டார்.

பணம் கொடுத்த அறக்கட்டளையும் மணம் கொடுத்த மரமும் அந்தப் பெயரில் இருக்கின்றன. பனியில் வண்டி ஓட்டிவந்த விவசாயி இல்லை. ஆனால் செயற்கை இதய வால்வு வைத்துக்கொண்டு வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள், 'ஐ.என்.ஆர்.' பரிசோதனைக்கு இன்றும் தவறாமல் கை நீட்டுகிறார்கள். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் சோதனை அது. கார்ல்சன் பால் கேனில் சுமந்து வந்த கேள்வியும் அதுதான்.

(தொடரும்)

அடுத்த வாரம்: கனவுகளின் கடவுள் பெயரைத் தாங்கிய மார்ஃபின்