ஆர்ட்டீமியா: உப்பளத்திலிருந்து வந்த முதல் தீனி

ஆர்ட்டீமியா என்பது கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பேறிய நீரில் வாழும் சிறிய ஓட்டுடலி. வளர்ந்தாலும் ஒரு சென்டிமீட்டர் நீளம்தான். உப்பு இறால் என்று சொல்கிறார்கள், ஆனால் இது உண்மையான இறால் அன்று. மீன், இறால், ஆக்சலாட்டல் போன்றவற்றின் புதிதாகப் பொரித்த குஞ்சுகளுக்கு உலகெங்கும் முதல் தீனியாகக் கொடுக்கப்படுவது இதன் குஞ்சே.

ஆக்சலாட்டல் மெக்சிகோவின் சோச்சிமில்கோ ஏரிப்பகுதிக்கு உரிய நீர்வாழ் சாலமாண்டர். 1864-இல் 34 ஆக்சலாட்டல்கள் பாரிசுக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றுள் ஆறு, அருங்காட்சியகத்தில் பணியாற்றிய அகஸ்தே துய்மெரிலிடம் வந்தன: ஐந்து ஆண், ஒரே ஒரு பெண். 1865-இல் அந்தப் பெண் முட்டையிட்டது. பின்னர் ஐரோப்பிய ஆய்வகங்களில் பரவிய ஆக்சலாட்டல்களில் பெரும்பாலானவை இந்த வழி வந்தவை. சொந்த ஊரிலோ நிலைமை தலைகீழ். சோச்சிமில்கோவில் 1998-இல் சதுர கிலோமீட்டருக்கு 6,000 என்று கணக்கிடப்பட்டவை, 2014-இல் 36 ஆகக் குறைந்தன.

முட்டை பொரிய இரண்டு, மூன்று வாரம் ஆகும். வெளிவரும் குஞ்சு ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய நீளம், கால் கிடையாது. வயிற்றில் உள்ள மஞ்சள் கரு இரண்டு மூன்று நாளுக்குத் தாங்கும். அதன்பின் தின்ன வேண்டும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அசையாத எதையும் இந்தக் குஞ்சு உணவாக அறியாது. பொடித்த தீனியைத் தூவினால் அது அடியில் தங்கி அழுகும், குஞ்சு பட்டினியால் சாகும். பசித்தால் ஒன்றன் காலையும் செவுளையும் மற்றொன்று கடித்துவிடும். இழந்த உறுப்பு மீண்டும் முளைப்பதால் சில பிழைத்துக்கொள்கின்றன.

உயிருள்ள, நீந்துகிற, வாய்க்குள் நுழையும் அளவுள்ள இரையை நாள்தோறும் எங்கிருந்து பெறுவது? விடை உப்பளத்தில் கிடைத்தது. நீர் வற்றி உப்பு மிகும்போது ஆர்ட்டீமியா கெட்டியான ஓடுடைய உறைமுட்டைகளை இடுகிறது. பழுப்பு நிறத் தூள்போல் அவை கரையொதுங்கும். உலர்த்தி டப்பாவில் அடைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. உப்புநீரில் இட்டு, காற்றும் வெளிச்சமும் கொடுத்தால் 28 பாகை வெப்பத்தில் ஏறத்தாழ ஒரே நாளில் அரை மில்லிமீட்டர் அளவுள்ள நாப்ளியஸ் குஞ்சுகள் வெளிவரும். 1933-இல் அமெரிக்காவின் ஆல்வின் சீலும், 1939-இல் நார்வேயின் ரோலெஃப்சனும் இது மீன்குஞ்சுகளுக்குச் சிறந்த உணவு என்று எழுதினர். பின்னர் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவிலிருந்தும் அமெரிக்காவின் பெரிய உப்பு ஏரியிலிருந்தும் உறைமுட்டை வணிகம் வளர்ந்தது.

தமிழ்நாட்டுக்கு இது அயல் சரக்காக மட்டும் இருந்திருக்க வேண்டியதில்லை. தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளப் பாத்திகளிலும் ஆர்ட்டீமியா உண்டு. தூத்துக்குடியில் அது இருப்பதை 1970-ஐ ஒட்டி ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். இந்நாட்டு வகைகளில் பெரும்பாலும் ஆண் இல்லை, பெண்ணே தனித்து இனம்பெருக்கும். ஆனால் அமெரிக்க வகையான ஆர்ட்டீமியா பிரான்சிஸ்கானா இறக்குமதி முட்டைகளோடு வந்து நம் உப்பளங்களில் பரவி, உள்நாட்டு வகையை இடம்பெயர்த்துவிட்டதை 2012-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. தொட்டிக்கு வாங்கிய தீனி பாத்தியைப் பிடித்துக்கொண்டது. இந்த இழப்பு பற்றி நம் பாடநூல்களில் ஒரு வரி சேர்க்கலாம்.

சென்னையில் 1987-இல் தொடங்கப்பட்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், 1997-இல் முட்டுக்காட்டில் கொடுவா மீனைக் கட்டுப்பாட்டுச் சூழலில் இனப்பெருக்கம் செய்வித்தது. கொடுவாக் குஞ்சு பொரிக்கும்போது ஒன்றரை மில்லிமீட்டர்தான். மூன்றாம் நாள் வாய் திறந்ததும் ஆர்ட்டீமியாகூட அதற்குப் பெரிது. ஆகவே முதலில் ரோட்டிஃபர் என்னும் இன்னும் நுண்ணிய உயிரியும், ஒரு வாரம் கழிந்தபின் ஆர்ட்டீமியாவும் கொடுக்கப்படும். ஆக்சலாட்டல் குஞ்சுக்கு அந்த முதற்படி தேவையில்லை.

வண்ணமீன் வளர்ப்புக்குப் பெயர்பெற்ற கொளத்தூரில் பொரித்த குஞ்சுகளைக் காப்பாற்ற வேறு வழிகளும் உண்டு. தொட்டி நீரில் சாணம் கரைத்து நுண்ணுயிர் பெருக்குவது ஒன்று. கழிவுநீர்க் கால்வாய்களில் சேகரித்த டியூபிஃபெக்ஸ் புழு மற்றொன்று. புழு மலிவு, ஆனால் சாக்கடையின் நோயும் கூடவே வரும்.

வளர்க்க விரும்பும் மாணவர்களுக்கு ஒரு சொல். நாப்ளியஸ் பொரித்த சில மணி நேரத்திலேயே அதன் சத்து குறையத் தொடங்கும். எனவே உடனே வடிகட்டி, நன்னீரில் அலசிக் கொடுக்க வேண்டும். நன்னீரில் அது சில மணி நேரமே உயிரோடிருக்கும். மிஞ்சியதை அன்றே அகற்றாவிட்டால் நீர் கெடும். ஆக்சலாட்டலுக்கு 16 முதல் 18 பாகைக் குளிர்நீர் ஏற்றது, 24-ஐத் தாண்டினால் துன்புறும். மே மாதத்தில் 40 பாகையைத் தொடும் திருவாலங்காடு, திருவள்ளூர் பக்கத்தில் ஆர்ட்டீமியா பொரிக்க வெயிலே போதும்; ஆக்சலாட்டலுக்கோ குளிரூட்டும் கருவி இல்லாமல் முடியாது.